என்ஜின் அழுக்கில் கறுப்பு நெல்

சாஜிதாவுக்குக் காலையிலிருந்தே கோபம். கும்பகோணத்தில் காரில் ஏறும்போது இருந்த கோபம், குத்தாலத்தைத் தாண்டிக் கிளைச்சாலையில் திரும்பியபோதும் அப்படியே இருந்தது.

“மேடம், ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைக்கவா?” என்று கேட்டான் வேம்பு.

“எனக்கு வேர்க்கலையே.”

“எனக்கு வேர்க்குது. பக்கத்துல அடுப்பு எரியுது.”

அவள் சிரிக்கவில்லை. வேம்பு முன்பு ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஜவுளிக்கடைத் தள்ளுபடியைத் தெருத்தெருவாக அறிவித்துக்கொண்டிருந்தவன். சாஜிதாவின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்த பிறகு மைக் போய்விட்டது, வாய் போகவில்லை. சாஜிதா அதற்கு முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துக்குள்ளான வண்டிகளைப் பார்வையிடும் வேலையில் இருந்தவள். நசுங்கிய வண்டியைப் பார்த்தே ஓட்டியவன் சொல்வது பொய்யா மெய்யா என்று சொல்லிவிடுவாள் என்று பெயர்.

சம்பா அறுவடை முடிந்த நேரம். தார்ச்சாலையில் பாதி வரைக்கும் நெல்லைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். வேம்பு ஓர் இடத்தில் வண்டியை மெதுவாக்கினான்.

“இங்கதான் மேடம்.”

அந்த இடத்தில் இப்போது வேறு யாருடைய நெல்லோ காய்ந்துகொண்டிருந்தது. போன வாரம் இங்கே காய்ந்தது கனகாவின் நெல். குத்தகை நிலத்தில் பிடிவாதமாகக் கருப்புக் கவுனி என்கிற கறுப்பரிசி நெல்லைப் போட்டவள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் அதைப் போடுவதில்லை. பொழுது சாயும் நேரத்தில் நெல்லுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தவளை ஏதோ ஒரு பைக் அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டது. அவள் உடனே சாகவில்லை. நெல்லுக்குள்ளேயே கிடந்திருக்கிறாள். பால் வண்டிக்காரர் பார்த்துத் தூக்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று தஞ்சாவூரில் டாக்டர் சொன்னார். அந்த ஒரு வாக்கியம்தான் சாஜிதாவின் கோபத்துக்குக் காரணம். இடித்தவன் நின்றிருந்தால் போதும். நின்றிருந்தால் மட்டும் போதும்.

வழக்கைக் கொண்டுவந்தவள் கனகாவின் மகள் பூமிகா. மயிலாடுதுறையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண். ஆனால் பேசியதெல்லாம் கூட வந்த தாய்மாமன் திருமுருகன்தான். தரங்கம்பாடியில் மீன் எடுத்து பைக்கில் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பவன். கண் சிவந்திருந்தது.

“ரைஸ் மில் அரசப்பனோட புல்லட்தான் மேடம். அன்னிக்கு அந்தப் பக்கம் போனதை என் கண்ணால பாத்தேன். மில்லுச் சாம்பலை வாய்க்கால்ல கொட்டறான்னு அக்கா மனு கொடுத்துச்சு. டீக்கடையில வச்சே, உன்னை என்ன பண்றேன் பாருன்னான். போலீஸ் வந்து வண்டியை மூடியிருந்த தார்ப்பாயைத் தூக்கிப் பாத்தாங்க, விளக்கு உடையலன்னு போயிட்டாங்க. என்ஜினை யாரு பாத்தா? நீங்க அதைக் கழுவிப் பாருங்க. எதாவது சிக்கும்.”

சாஜிதா அப்போதே முடிவு செய்துவிட்டாள். அரசப்பனை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்.

மில் வாசலில் கூட்டம் நின்றது. நடவு ஆட்கள், அறுப்பு ஆட்கள், கைலியை மடித்துக் கட்டிய இளவட்டங்கள். மதகுச் சுவரின் மேல் ஏறி நின்ற திருமுருகன் காரைப் பார்த்ததும் இறங்கி ஓடிவந்தான். பூமிகா கூட்டத்திலிருந்து தள்ளி, வாதநாராயண மரத்தடியில் தனியாக நின்றிருந்தாள்.

“உள்ள போயிட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம்” என்றான் திருமுருகன். “மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்.”

ஒருவன் கையில் டீசல் கேன் இருந்தது. வேம்பு அதைப் பார்த்தான். பிறகு தன் கையில் இருந்த டீசல் கேனைப் பார்த்தான்.

“நம்மளுது கழுவறதுக்கு மேடம்” என்றான் தாழ்ந்த குரலில். “அவங்களுது அதுக்கு இல்ல போலிருக்கு.”

அரசப்பன் ஆபீஸ் அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

“ஏம்மா, நீதான் அந்தத் துப்பறியற பொம்பளையா? பாரு, நல்லாப் பாரு. எங்க அப்பா ஓட்டின வண்டி. அவரு போனப்புறம் அதை யாரும் தொடல. நீயாவது கழுவிக் கொடுத்துட்டுப் போ. புண்ணியமாப் போவும்.”

“ஒரு பொம்பளை செத்திருக்காங்க” என்றாள் சாஜிதா.

“அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? ரோட்டை மறிச்சு நெல்லைக் கொட்டி வச்சிட்டு நடுவுல உக்காந்தா? அதுவும் அந்தக் கருமம் புடிச்ச கறுப்பு நெல்லு. மெஷினே கறுத்துப் போவுதுன்னு அதை நான் மில்லுக்குள்ளயே விடறதில்ல.”

சாஜிதாவின் காதுமடல் சூடானது. புல்லட் நின்ற பின்கட்டுக் கொட்டகைக்கு நடந்தாள்.

கொட்டகையில் தவிட்டு வாசனை. தார்ப்பாயை இழுத்ததும் தூசி எழும்பி வேம்புவைத் தும்ம வைத்தது. புல்லட்டின் என்ஜின் எங்கே தொடங்குகிறது, அழுக்கு எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத அளவுக்கு இருந்தது. எண்ணெய் கசிந்து, தவிடு படிந்து, மறுபடி கசிந்து, மறுபடி படிந்து இறுகிப்போன கறுப்பு.

சாஜிதா புடவை முந்தானையைச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். டீசலைப் பிரஷ்ஷில் தோய்த்துத் தேய்த்தாள். சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருந்த தகடுகளுக்கு நடுவே திருப்புளியை விட்டுச் சுரண்டினாள். கறுப்புக் குழம்பு வழிந்தது. பனியன் வேஸ்ட்டால் துடைத்தாள். மறுபடி டீசல். மறுபடி தேய்ப்பு. அரசப்பனின் கழுத்தைப் பிடித்திருப்பதுபோல் பிரஷ்ஷைப் பிடித்திருந்தாள்.

“மெதுவா மேடம். என்ஜின் எதுவும் ஒத்துக்கறதுக்கு முன்னாடியே செத்துடப் போவுது.”

“நீ டிபன் பாக்ஸை எடு.”

“சாப்பாட்டு நேரம் ஆகலையே.”

“மூடியை மட்டும் கொடு.”

இடதுபக்கத் தகடுகளுக்கு நடுவே, திருப்புளி முனையில் மெத்தென்று ஏதோ பட்டது. பிசுக்கான ஒரு உருண்டை. அதற்குள் இரண்டு நெல்மணிகள் புதைந்திருந்தன. சாஜிதா சட்டென்று அதை வழித்து மூடியில் வைத்தாள்.

வேம்பு குனிந்து பார்த்தான். “ரைஸ் மில்லுல நெல்லு கண்டுபிடிச்ச முதல் ஆளுங்க நாமதான் மேடம். பேப்பர்ல போடுவாங்க.”

சாஜிதா ஒரு மணியைத் துடைத்து, நகத்தால் உமியை உரித்தாள். உள்ளே அரிசி கறுப்பாக இருந்தது.

வேம்பு மூடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான்.

இதை மில்லுக்குள்ளேயே விடுவதில்லை என்று இப்போதுதான் அரசப்பன் தன் வாயால் சொன்னார். யாரும் தொடாத வண்டி என்றும் சொன்னார். சாஜிதாவுக்குள் ஒரு கொடூரமான மகிழ்ச்சி எழுந்தது. அந்த மனிதரை ஆபீஸ் அறையிலிருந்து எழுந்திருக்க வைக்கப் போகிறோம். வாசலுக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“போலாமா மேடம்?” என்றான் வேம்பு. “வெளியில கேனோட நிக்கிறாங்க.”

எழுந்தாள். பழைய வேலையின் பழக்கம், போகிற போக்கில் காலால் கிக்கரை ஒரு மிதி மிதித்தாள். அது அசையவில்லை. முழு எடையையும் போட்டு மிதித்தாள். சுவரை மிதித்ததுபோல் இருந்தது.

மறுபடி உட்கார்ந்தாள்.

“என்ன மேடம்?”

“பிஸ்டன் துருப்பிடிச்சு இறுகியிருக்கு. இந்த வண்டி ஓடி வருஷக்கணக்காச்சு வேம்பு. போன வாரம் இது எப்படி ரோட்டுக்குப் போச்சு?”

“தள்ளிட்டுப் போயிருப்பாரோ? தள்ளிட்டே போய் இடிச்சிட்டு, தள்ளிட்டே தப்பிச்சு ஓடிட்டாரு.”

சாஜிதா தரையில் படுக்காத குறையாகக் குனிந்து வலதுபக்கத்தைப் பார்த்தாள். அங்கேயும் ஓர் உருண்டை ஒட்டியிருந்தது. முதல் உருண்டையைக் கோபத்தில் அப்படியே வழித்துவிட்டாள். இந்த முறை கை வைக்கவில்லை. திருப்புளி முனையால் ஓரத்தை மட்டும் நெம்பினாள். உருண்டைக்கு அடியில் தவிட்டுத் தூள் கலையாமல் படிந்திருந்தது. அந்தத் தூளுக்கு அடியில்தான் பழைய அழுக்கு.

“நெல்லு எங்க இருக்கு பாரு” என்றாள். “ஓடற வண்டியில நெல்லு சிக்கினா, அதுக்கு மேலதான் தூசி விழும். இங்க தூசிக்கு மேல நெல்லு இருக்கு. யாரோ கொண்டுவந்து விரலால அப்பியிருக்காங்க.”

“அப்ப அரசப்பன் இல்லையா?”

சாஜிதாவுக்கு இப்போது தன்மேலேயே ஆத்திரமாக இருந்தது. வாசல் வரைக்கும் போயிருப்பாள். சொல்லியிருப்பாள். மில் எரிந்திருக்கும்.

மூடியில் இருந்த உருண்டையின் மேல் டீசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு விரலால் குழைத்தாள். நெல்லை மட்டும் கொண்டுவந்து வைத்திருந்தால் நம்ப மாட்டார்கள் என்று அந்த ஆளுக்குத் தோன்றியிருக்கிறது. நெல் என்ஜின் அழுக்கோடு இருக்க வேண்டும். அந்த அழுக்கை எங்கிருந்து எடுத்தான்?

பிசுக்கு கரைந்தது. கறுப்புத் தண்ணீரில் சின்னதாக, வட்டமாக, மெல்லிசாக என்னவோ மின்னியது. ஒன்று, இன்னொன்று, பிறகு நிறைய.

“கண்ணாடியா மேடம்? விளக்கு உடைஞ்சதா?”

சாஜிதா ஒன்றை எடுத்து நகத்தால் வளைத்தாள். வளைந்தது, உடையவில்லை. மூக்கருகே கொண்டுபோனாள். டீசலையும் மீறி வாடை வந்தது.

“மீன் செதில்.”

வேம்பு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

ஆபீஸ் அறைக்குப் போய் அரசப்பனிடம் ஒரே கேள்வி கேட்டாள். “இந்தக் கொட்டகைக்கு வெளியாளு யாரு வருவா?”

“யாரு வருவா? திருமுருகன்தான். மில்லு ஆளுங்களுக்கு அங்கதான் மீன் போடுவான். அக்கா செத்து நாலு நாள்லயே வந்துட்டான், வியாபாரத்துக்கு.” அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரிக்கத் தொடங்கினார். “நான் போலீஸ்கிட்டயே சொன்னேன்ல, எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு?”

“சாம்பல் இன்னும் வாய்க்கால்லதான் போவுது. வரும்போது பாத்தேன்” என்றாள் சாஜிதா. “அந்த மனு செத்துப் போகல. சிரிக்காதீங்க.”

வேம்பு போய்த் திருமுருகனையும் பூமிகாவையும் கொட்டகைக்கு அழைத்துவந்தான். திருமுருகன் வரும்போதே கேட்டான்.

“நெல்லு கிடைச்சுதா மேடம்?”

“நெல்லுன்னு நான் சொல்லவே இல்லையே.”

அவன் நின்றுவிட்டான். சாஜிதா டிபன் பாக்ஸ் மூடியை நீட்டினாள்.

“வண்டி இடிச்சுதுன்னா எல்லாரும் விளக்கைப் பாப்பாங்க, மட்கார்டைப் பாப்பாங்க. நீங்க முதல் நாளே என்ஜினைக் கழுவிப் பாருங்கன்னு சொன்னீங்க. ஏன்னா நீங்க உங்க வண்டி என்ஜினைக் கழுவினப்போ நெல்லு வந்திருக்கு. அதை அழுக்கோட சுரண்டி எடுத்துட்டு வந்து இங்க அப்பிட்டீங்க. அழுக்குக்குள்ள வேற என்ன இருக்குன்னு பாக்கல.”

திருமுருகன் மூடியைப் பார்த்தான். “செதிலா? நான் இங்கதானே மீன் விக்கிறேன். பறந்து வந்து விழுந்திருக்கும்.”

“விழுந்தா மேல ஒட்டும். இது நெல்லோட சேர்ந்து கிரீஸுக்குள்ள குழைஞ்சு கிடந்துச்சு. உங்க அக்கா நெல்லும் உங்க மீன் செதிலும் ஒரே என்ஜின்ல சேரணும்னா, அது யாரு வண்டி?”

பதில் வந்தது பூமிகாவிடமிருந்து. அலுவலகத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் குரலைச் சாஜிதா சரியாகக் கேட்டதே இல்லை.

“மாமா, அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு நீ பஸ்லதானே வந்தே?”

“பூமி…”

“கடைத்தெருவுக்கே வண்டியில போவே. அம்மா சாகக் கிடக்கும்போது ரெண்டு பஸ் மாறி வந்தே. நான் அப்ப அதைப் பத்தி யோசிக்கவே இல்ல.”

திருமுருகன் புல்லட்டின் பக்கத்தில், டீசல் வழிந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“பனி எறங்கிடுச்சு பூமி. விளக்கு மங்கல். வேகமா வந்துட்டேன். சக்கரம் நெல்லுல ஏறி வழுக்குச்சு. யாரோ எந்திரிச்சாங்க. தலையில சாக்கை மடிச்சுக் கொங்காணி போட்டிருந்தாங்க. அடிச்சிட்டேன். நானும் விழுந்தேன். எந்திரிச்சுப் பாத்தா, குப்புறக் கிடக்காங்க. சாக்கு மூஞ்சியை மூடியிருந்துச்சு.”

“தூக்கிப் பாத்தியா?”

“பயந்துட்டேன்.”

“சாக்கைத் தூக்கிப் பாத்தியான்னு கேட்டேன்.”

“இல்ல.”

“அது எங்க அம்மா நெல்லு காயப் போடற இடம். உனக்குத் தெரியாதா?”

“தெரியும்” என்றான். “அதனாலதான் தூக்கல.”

சாஜிதா பல வருடம் பொய்களைக் கேட்டுப் பழகியவள். இந்த உண்மையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அரசப்பன் மேல் கோபப்படுவது எவ்வளவு சுலபமாக இருந்தது. இப்போது அதே கோபம், போக இடமில்லாமல் கையில் வந்து நின்றது. பிரஷ்ஷை எடுத்துத் தரையில் வீசினாள்.

“வெளியில நிக்கிறவன் கையில கேனைக் கொடுத்தது யாரு?”

“நான்தான்.”

“உள்ள இத்தனை ஜனம் வேலை பாக்குது. உங்ககிட்ட மீன் வாங்கித் திங்கிற ஜனம். அவங்களும் சேர்ந்து எரியட்டும்னு நினைச்சீங்களா?”

“நான் அவ்வளவு தூரம் யோசிக்கல மேடம். வேற ஒருத்தன் பண்ணினதா ஆகிட்டா, அப்புறம் அது நான் பண்ணினதா இருக்காதுன்னு…”

“எந்திரிங்க.”

வாசலில் சத்தம் கூடியிருந்தது. கேட்டை யாரோ குலுக்கினார்கள். சாஜிதா பேச முன்னால் போனாள். பூமிகா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நான் சொல்றேன்.”

கேட்டின் குறுக்குக் கம்பியில் ஒரு காலை வைத்து ஏறி நின்றாள். கூட்டம் அடங்கியது.

“அரசப்பன் இல்ல” என்றாள். “எங்க மாமா.”

யாருக்கும் உடனே விளங்கவில்லை. பின்னால் நின்ற ஒரு பெண் என்னடி சொல்றே என்று கேட்டாள். பூமிகா மறுபடி அதையே சொன்னாள். கேன் வைத்திருந்தவன் அதைக் கீழே வைத்தான். திருமுருகனை வேம்பு தோளைப் பிடித்து நடத்தி வந்தபோது, எங்கிருந்தோ ஒரு மண்ணாங்கட்டி பறந்துவந்து அவன் நெஞ்சில் பட்டு உதிர்ந்தது. இரண்டு பேர் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார்கள். இத்தனை நேரம் மில்லைப் பார்த்திருந்த கோபம் அப்படியே அவன்மேல் திரும்பியது.

“யாரும் கை வைக்காதீங்க” என்று பூமிகா நடுவில் வந்து நின்றாள். “அவரு ஸ்டேஷன்ல பேசணும். வாயை உடைச்சிட்டா எப்படிப் பேசுவாரு?”

சட்டையைப் பிடித்திருந்த கைகள் விட்டன. வேம்பு அந்த இடைவெளியில் அவனைக் காரில் ஏற்றினான். பூமிகா பின்சீட்டில் அவன் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தாள். சாஜிதா தடுக்க வாயெடுத்து, தடுக்கவில்லை.

சாலையில் காய்ந்த நெல்லின் ஓரமாகச் சக்கரம் படாமல் வேம்பு மெதுவாக ஓட்டினான்.

ஸ்டேஷனில் ஏட்டு ஒருவர்தான் இருந்தார். திருமுருகனை உட்காரச் சொல்லி, என்ன நடந்தது என்று கேட்டு எழுதத் தொடங்கினார். சாஜிதா டிபன் பாக்ஸ் மூடியை மேஜைமேல் வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றாள். திருமுருகன் மங்கிய விளக்கைச் சொன்னான், பனியைச் சொன்னான், நெல்லில் வழுக்கியதைச் சொன்னான்.

“அக்கா கீழ விழுந்துடுச்சு. நான் பதட்டத்துல வண்டியை எடுத்துட்டுப் போயிட்டேன் சார்.”

“சாக்கு” என்றாள் பூமிகா.

ஏட்டு நிமிர்ந்தார். “என்னம்மா?”

“அவரு சொல்வாரு. சொல்லு மாமா.”

திருமுருகன் அவளைப் பார்த்தான். அவள் பார்வையை விலக்கவில்லை. அவன் குரல் பாதியில் உடைந்து, சொன்னது பாதிதான் கேட்டது. ஏட்டு பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்தார்.

“எதைத் தூக்கலைங்கறே? சரியா சொல்லுய்யா.”

அவன் இரண்டாவது தடவையும் சொன்னான், முதலிலிருந்து, அது யார் நெல் என்று தெரிந்தே சாக்கைத் தூக்காமல் போனது உட்பட. பூமிகா முழுவதையும் நின்றுகொண்டே கேட்டாள்.